புகைக்கு யூரியா போட்ட கதை

டீசல் எஞ்சினோடு ஆராய்ச்சி பண்ணுகிறவளுக்குச் சேலையும் மிஞ்சாது, தூக்கமும் மிஞ்சாது. உங்களில் யாராவது அந்தப் பாடு பட்டிருந்தால் நான் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் டீச்சராக இருந்துகொண்டே நான் பட்டேன். டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு என்றொரு நச்சு உண்டு. சூடான புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்து, வினையூக்கி பூசிய துளைக்கல் வழியாக விட்டால் அது வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாகிவிடும். புத்தகம் அப்படித்தான் சொன்னது. வெள்ளிக்கிழமை வருகிற பரிசோதகர் முன்னால் அந்த நச்சை அளக்கிற மீட்டரின் முள் இறங்காவிட்டால் என் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

எத்தனை ஏக்கர்?

யூரியா வாங்க, அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு உரக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி, எத்தனை ஏக்கருக்கு என்றார். வயலுக்கு இல்லை, எஞ்சின் புகைக்கு என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"வயலு எங்க கெடக்குன்னு சொல்லப் பிடிக்கலேன்னா விட்டுரு தாயி, புகைக்கு உரம் போடுதேன்னு கதை விடாத."

நெடி

புகை சூடாகும் முன்பே யூரியாக் குழாயைத் திறந்தால் வினை நடக்காது. திறந்துவிட்டேன். அம்மோனியா நெடி முதல்வர் அறை வரைக்கும் போய்விட்டது. எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மைதீன் அண்ணன்தான் ஓடிப்போய்ச் சமாதானம் சொன்னார்.

"கக்கூஸ் அடைச்சிருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் டீச்சர், இனிமே சூடான பொறவு பையப் பையத் தொறங்க."

அண்ணாச்சியின் உபயம்

வியாழக்கிழமை தெளிக்கிற குழாய் அடைத்துக்கொண்டது. கழற்றினால் உள்ளே பழுப்புச் சேறு. முதலில் வாங்கியது தீர்ந்து, முந்தின நாள் அண்ணாச்சி கட்டிக்கொடுத்த புதுப் பையைத்தான் மைதீன் அண்ணன் கரைத்து ஊற்றியிருந்தார். முகர்ந்தால் வேப்பெண்ணெய் வாடை.

யூரியா சீக்கிரம் கரைந்து வீணாகாமலிருக்க வேப்பம்புண்ணாக்குத் தூள் கலந்து வயலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். அண்ணாச்சியே முந்திக்கொண்டார்.

"பொம்பளப் புள்ள தனியா வயலப் பாக்கே, கலக்கத் தெரியாதேன்னு நானே கலந்தேன், புண்ணாக்குக்குத் துட்டுகூட வாங்கலையே."

முள்

வெள்ளிக்கிழமை, குழாயைக் கழுவி மாட்டி, அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிய கலக்காத யூரியாவோடு எஞ்சினை ஓட்டினோம். பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். புகை நன்றாகச் சூடேறிய பிறகு மெதுவாகக் குழாயைத் திறந்தேன். முள் அசையவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பாதிக்கும் கீழே போய் நின்றது. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன்; அழுகையே வந்துவிட்டது. பரிசோதகர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். மைதீன் அண்ணன் புகைக்குழாயை எட்டிப் பார்த்தார்.

"கரும்புகை என்னமோ அப்பிடியேதான் வருது டீச்சர், அவரு கையெழுத்துப் போட்டுட்டாருல்லா, வாங்க டீ குடிப்போம்."

புகைக்குள்ளிருந்த நச்சைப் பிரித்துவிட்டேனே ஒழிய, ஊருக்குச் சொல்லாமல் எங்கேயோ வயல் வாங்கிப் போட்டவள் என்ற பெயரை எங்கள் தெருவிலிருந்து இன்னும் பிரிக்க முடியவில்லை.