குழாய் கழுவுகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி

பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கிற குழாயைக் கழுவுவதுதான் என் உத்தியோகம் என்று கல்யாணப் பந்தியில் வாய்தவறிச் சொல்லிவிட்டால், பக்கத்து இலைக்காரர் சாம்பாரைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிடுவார்.

தென்காசியில் ஒரு குடல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். குழாயைக் கழுவுவதும் காயவைத்துத் தொங்கவிடுவதும் என் பொறுப்பு. அதில் இன்னொருவர் கை பட விட்டதில்லை. அதைவிடப் பெரிய வேலை, "வயசாயிட்டு, ஒரு தடவை கொலனோஸ்கோப்பி எடுத்துப் பாத்துருவோம்" என்று டாக்டர் சொன்னதும் முகம் வெளிறி வெளியே வருகிறவர்களை பெஞ்சில் உட்காரவைத்துத் தைரியம் சொல்வது. அந்த பெஞ்சில் நான் அடைந்த அதிர்ச்சிகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எனக்கு வயது அறுபத்தொன்று. நாலு வருடத்துக்கு முன்னால் என் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்து மதுரையில் ஆபரேஷன் ஆனது. "கூடப்பிறந்தவருக்கே வந்திருக்கு, நீங்க கட்டாயம் எடுத்துரணும்" என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். "சீசன் முடியட்டும் சார்" என்றேன். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் வீட்டில் விருந்தாட்களுக்குப் பாய் போதாது. சீசன் முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் ஐயப்பன் கோயில் கூட்டம். இப்படி நாலு சீசன் போய்விட்டது. உண்மையான காரணம் பயம், வேறொன்றும் இல்லை. நீங்களும் ஏதோ ஒரு சாக்கைச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். பெஞ்சில் இடம் இருக்கிறது.

ஐந்தருவி அண்ணாச்சி

ஆலங்குளத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். எங்களிடம் முறை என்னவென்றால், காலையில் எழுந்ததும் பேதிப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குடல் சுத்தமானதும் வெறும் வயிற்றோடு மூன்று மணிக்கு வந்தால், மயக்க ஊசி போட்டுக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மூன்று மணியானது, மூன்றரையும் ஆனது, ஆளைக் காணோம். போன் போட்டேன். எடுத்ததும் காதில் ஒரே இரைச்சல், நடுவில் யாரோ கத்துகிறார்கள். பேதி அதிகமாகி எங்கேயாவது விழுந்துவிட்டாரோ என்று பதறிவிட்டேன்.

மனுஷன் ஐந்தருவியில் துண்டோடு நிற்கிறார்! எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு, பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் பண்ணிவிட்டு, பிறகு எண்ணெய் தேய்த்து அருவியில் போய் நிற்கும் பழக்கம் உண்டு. எங்கள் பொடியையும் அவர் அதோடு சேர்த்துவிட்டார். நான் பதறியது அவருக்குப் புரியவே இல்லை. இரைச்சலுக்கு மேல் சந்தோஷமாகக் கத்தினார்: "என்னா பேதி சார் அது, வயிறு பஞ்சு மாதிரி ஆயிட்டு! குளிச்சு முடிச்சு நாலு புரோட்டாவும் தின்னாச்சு. குழாய இன்னைக்கு வேற யாருக்காவது விட்டுக்கிடுங்க."

கீழே ஊற்ற மனசு வராத முத்தம்மாள்

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்து பொட்டலம் வாங்கிப் போயிருந்தார். மறுநாள் மதியம் ஆட்டோவில் அவருடைய மனைவி முத்தம்மாள் மட்டும் வந்து இறங்கினார். முகம் வாடி, கண் உள்ளே போயிருந்தது. "அவுக எங்கம்மா?" என்றேன். "காலம்பற நான் மருந்தைக் கலக்கி வச்சேன். அதைப் பாத்ததும் செங்கோட்டையில வேலையிருக்குன்னு பஸ் ஏறிட்டாவ. அம்புட்டையும் கீழ ஊத்த மனசு வருமா சார்? நான் குடிச்சுட்டேன். பாக்கத எனக்குப் பாத்துருங்க" என்றார். நான் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் குடிக்கலாமா, சுகர் இருக்கா, இருதயத்தில் கோளாறு இருக்கா, என்ன தெரியும் உனக்கு என்று பொரிந்து தள்ளினார். பிறகு ரத்தம், பிரஷர், இ.சி.ஜி. எல்லாம் பார்த்தார். அந்தம்மாவுக்கும் அறுபது வயது. எல்லாம் சரியாக இருந்ததால், அவரிடம் விளக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்தே விட்டார். உள்ளே பார்த்தால், காளான் மாதிரி முளைத்திருந்த சதை இரண்டு! பாலிப் என்போம். நாள்பட விட்டால் சிலது புற்றாக மாறும். அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். பெண்டாட்டி தப்பித்த கதையை மூச்சுவிடாமல் சொல்லி, "இனி உங்க முறை, என்னைக்கு வாறீங்க?" என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஒரே அடுப்புல பொங்கித் தின்னுதோம். அவளுக்குப் பாத்தாச்சுன்னா எனக்கும் பாத்த மாதிரிதான சார்?"

வேண்டாம் என்றாலும் கோபம்

பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே ஏற்பாடு செய்து அனுப்பிய பெரியவர் ஒருவர் வந்தார். வயது எண்பத்து நாலு. ஆள் கம்பு இல்லாமல் நடக்கிறார். டாக்டர் நன்றாகச் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வயசுல சும்மா எடுத்துப் பாக்க வேண்டாம். அந்தப் பேதியும் மயக்க மருந்தும்தான் உடம்பை அலைக்கழிக்கும். ஏதாவது தொந்தரவு வந்தா வாங்க, அப்ப யோசிப்போம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். தப்பித்தோம் என்று பெரியவர் துள்ளிக் குதித்து வெளியே வருவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், கண் கலங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. டாக்டரின் சீட்டை என் கையில் திருப்பித் திணித்தார்: "எம்பத்து நாலுக்கு மேல பாத்து என்ன ஆவப்போவுதுன்னுதான சொல்லுதிய? அப்போ நான் போவப்போற தேதியையும் இதுல எழுதிக் குடுத்துருங்க."

என் புளுகு

நான் எவ்வளவு அழகாக விளக்கினாலும், எழுந்து போகும்போது ஒரு கேள்வி வரும்: "நீங்க எடுத்தாச்சா?" ஒரு நாள், ஒரு டீச்சரம்மா பயத்தில் நடுங்கிக்கொண்டு கேட்டபோது, "எடுத்தாச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்தவரிடம், "ஊசி போட்டதுதான் தெரியும், முழிச்சா முடிஞ்சுபோச்சு" என்றேன். அதற்கடுத்தவரிடம், "மருந்தா அது? இளநி மாதிரி இருந்தது" என்றேன். போகப்போக என் கொலனோஸ்கோப்பியை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் நர்ஸ் செல்வி சிஸ்டருக்கு என் அண்ணன் கதையும் தெரியும், நான் நாலு சீசனாக ஏய்த்துவருவதும் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஊசியை அடுக்குவார். ஒரு நாள் தாங்க முடியாமல் சொன்னார்: "அண்ணாச்சி, ஒங்க குடலுக்கு மட்டும் காது இருந்துச்சுன்னா, இந்தப் புளுகைக் கேட்டு வெக்கத்துலயே சுருண்டிருக்கும்."

பண்பொழி எஸ்.ஐ.யின் விசாரணை

சங்கரபாண்டியன், போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வுபெற்றவர், ஊர் பண்பொழி. அவருடைய அப்பாவும் அக்காவும் குடல் புற்றில்தான் போனார்கள். மகள் கோமதி அவரை மூன்று தடவை கூட்டிவந்துவிட்டாள். மூன்று தடவையும் வாசல்வரை வந்து, வேலை இருக்கிறதென்று திரும்பிவிட்டார். நாலாம் தடவை கோமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்த ஆளு ஒருத்தர் சொன்னாத்தான் அப்பா கேப்பாவ சார். அத்தை கடைசியில பட்டதை நான் கூட இருந்து பாத்தேன். இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது" என்று அழுதாள். எனக்கு அண்ணன் முகம் வந்து நின்றது. இந்த ஒருவரையாவது விடக் கூடாது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையை எடுத்துவிட்டேன். இளநீர் உட்பட.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாகக் கேள்வி வந்தது. எந்த மாசம்? ஆவணி. எந்த ரூம்? இதே ரூம். கண் முழிச்சப்ப பக்கத்துல யாரு? வீட்டுக்காரி. "எல்லாம் முடிஞ்சு, அந்தக் குழாயக் கழுவினது யாரு?" இருபத்திரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "நான்தான்! வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்றேன் பெருமையாக. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கோமதி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

எஸ்.ஐ. கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மயக்க ஊசியில கிடந்த ஆளு எந்திரிச்சு வந்து குழாயக் கழுவினீராக்கும்? சரிவே, ஒரு முடிவுக்கு வருவோம். நீரு எடும், பக்கத்துக் கட்டில்ல நானும் படுக்கேன். நீரு எடுக்கலைன்னா நானும் எடுக்கலை."

இளநீர் குடித்த நாள்

நல்ல சீசன் நேரம். வீட்டில் சென்னையிலிருந்து வந்த விருந்தாட்கள் பதினொரு பேர், கக்கூஸ் ஒன்றே ஒன்று. என் மனைவி ஈஸ்வரி எல்லாரையும் வேன் பிடித்துப் பழைய குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் பொடியைக் கரைத்தாள். முதல் மடக்கிலேயே எனக்கு அதிர்ச்சி. உப்பும் எலுமிச்சையும் சேர்ந்து குமட்டும் ஒரு வழவழப்பு. மூன்றாவது டம்ளரில், இளநீர் என்று நம்பிக் குடித்த அத்தனை பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். நாலாவது டம்ளரைத் தள்ளிவைத்தேன். ஈஸ்வரி அதை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்தாள்: "ஒங்க அண்ணன் வயித்துல மலப்பையைக் கட்டிக்கிட்டு நடக்கதைப் பாத்துட்டு வந்தும் இந்த ஒரு டம்ளருக்கு அழுதீயளாக்கும்? குடிங்க."

அடுத்தடுத்த கட்டில்

மூன்று மணிக்கு எஸ்.ஐ. சொன்னபடி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். முதலில் என்னைத்தான் எடுக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். தினமும் நான் நிற்கிற இடத்தில் செல்வி சிஸ்டர் நின்றார். நான் கழுவித் தொங்கவிட்ட குழாயைப் படுத்துக்கொண்டு பார்த்தபோது, அது இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊசி போட்டதுதான் தெரியும், முழித்தால் முடிந்துபோயிருந்தது. என் புளுகில் அந்த ஒன்றாவது உண்மையாக இருந்தது.

எஸ்.ஐ.க்கு ஒன்றுமே இல்லை. குடல் சுத்தம். எனக்கு ஒரு பாலிப், சின்னதும் இல்லை. அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் விருந்தாட்கள் அருவிக்குப் போய்வந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். நாலு வருடம், நாலு வருடம் என்று மனதுக்குள் ஒரே சொல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். "புற்று இல்லை. ஆனா மாறக் கிளம்பியிருக்கு. முழுசா எடுத்தாச்சு. அடுத்த தடவை நான் சொல்ற தேதிக்கு வரணும், சீசன் கீசன்னு சொல்லக் கூடாது" என்றார். இன்னும் இரண்டு சீசன் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்து அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து, ஊரையெல்லாம் உட்காரவைத்துத் தேற்றிய அதே பெஞ்சில் விழுந்தேன். தன் ரிப்போர்ட்டை வாங்க வந்த எஸ்.ஐ. அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீரு அன்னைக்கு 'நான் எடுக்கலை'ன்னு உண்மையச் சொல்லியிருந்தா, நான் எந்திரிச்சு ஊருக்குப் போயிருப்பேன், நீரும் குழாயக் கழுவிக்கிட்டே இருந்திருப்பீரு. முப்பது வருச சர்வீஸ்ல, பொய் சொல்லி மாட்டிக்கிட்டதால உசுரு பொழச்ச ஆளு நீரு ஒருத்தர்தான்வே."

இப்போதும் பெஞ்சில் அந்தக் கேள்வி வருகிறது, "எடுத்தாச்சு, அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சத்தியமான உண்மையைச் சொல்கிறேன், ஒருவர்கூட நம்புவதாகத் தெரியவில்லை.