சுகமான ஆளின் ரத்தம்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமா, இரண்டா என்று அரசாங்கமே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாடாலூரில் தையற்கடை வைத்திருந்தேன். ஒருநாள் சுண்டுவிரலில் ஊசி ஏறி நின்றது. எனக்குத் தெரியவில்லை, துணி வாங்க வந்தவர்தான் காட்டினார். ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு சரி.

அப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்தார். நரம்பு கெடுவதற்கு முன்பே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டுமாம். மச்சான் தானாகவே முன்வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, கல்யாண வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் சொன்னார்: "என் ரத்தத்த வச்சுத்தான் மாப்ள ரத்தம் எவ்வளவு கெட்டுருக்குன்னு பாப்பாங்க."

இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அவருடைய குழாயைச் சுகமானவர்கள் வரிசையில் வைத்தார்கள். பிறகு, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் டாக்டர் அவர் உள்ளங்கையைத் தொட்டார்.

"தொட்டதும் சொல்லுங்க."

"சரிங்க சார்."

டாக்டர் தொட்டார். இன்னும் தடித்த இழையை எடுத்து அழுத்தினார். அது வளைந்தது.

"ஆரம்பிங்க சார், பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார் மச்சான்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. டாக்டர் அவர் முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் வெளிறிய தேமல், உள்ளங்கை அகலத்துக்கு. சிரிப்பு நின்றுவிட்டது.

"அது வேர்வைத் தேமலுங்க" என்றார் மச்சான்.

நர்ஸ் அவருடைய குழாயை எடுத்து என் குழாய்க்குப் பக்கத்தில் செருகினார். சுகமான ஆள் இல்லாமல் போகவே, கடைசியில் ஜீப் டிரைவரைப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு ஊசி என்றால் பயம், மயங்கி விழுந்தார். மச்சானும் நானும்தான் தூக்கிப் பெஞ்சில் படுக்கவைத்தோம்.

திரும்பும்போது மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு மாப்ள" என்றார்.

மச்சானும் மாத்திரையை ஒருநாள் விடாமல் கடைசிவரை சாப்பிட்டார். சீக்கிரமே பிடித்ததால் கையில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. எனக்குச் சுண்டுவிரல் வளைந்ததுதான் மிச்சம். எங்கள் ரத்தம் என்ன சொன்னது என்று பிறகு ஒருமுறை கேட்டோம்.

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் நர்ஸ்.