பட்டினி கிடந்த ரத்தம்

ஜுலைகா சிஸ்டர் இறந்த செய்தி எனக்கு மாத்திரை வாங்குகிற வரிசையில் வந்தது. எங்கள் சுகாதார நிலையத்தில் இப்போது சர்க்கரை மாத்திரைக்கு ஒரு வரிசை, பிரஷர் மாத்திரைக்கு வேறு வரிசை. முதல் வரிசையை முடித்துவிட்டு இரண்டாவதன் வாலில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற கருவேப்பிலங்குறிச்சிக்காரி திரும்பி, "ஜுலைகா சிஸ்டரு போயிட்டாங்களாம் ஆயா. நெஞ்சு வலியாம்" என்றாள். ஜன்னலுக்குள் இருந்த பையன் தலையைத் தூக்காமலே "எந்த ஜுலைகா?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "இந்த ரெண்டு வரிசையையும் ஒண்ணாக்கி எங்கள உக்கார வச்சவ" என்றேன். "நகரு பாட்டி, பின்னாடி ஆளு நிக்குது" என்றான்.

அதனால்தான் எழுதுகிறேன். அவளை அறிந்த நீங்கள் படிக்க வேண்டும். அறியாதவன் இனி ஒருவன் அந்த ஜன்னலில் உட்காரக் கூடாது. நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பிழையோடு படியுங்கள்.

அவள் என் வீட்டுக்கு முதலில் வந்தபோது நான் நான்கு இடத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், முட்டிக்குத் தனியாஸ்பத்திரி. செராமிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பியூஸ் கேரியர் என்கிற பீங்கான் கட்டைக்குப் பிசிறு தட்டியதில் நெஞ்சுக்குள் போன தூசிக்கு இன்னொருவர். முட்டி டாக்டர் கொடுத்த ஊசி சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை டாக்டர் அதற்கு மாத்திரையைக் கூட்டுவார். ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்ததில்லை. ஜுலைகா என் மாத்திரைப் பையைப் பாயில் கொட்டினாள். ஒரு வெள்ளை மாத்திரையையும் ஒரு ரோஸ் மாத்திரையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் ஒரே மருந்துதான் பெரிம்மா. சட்டைதான் வேற. ரெண்டையுமா முழுங்குறீங்க?" என்றாள். எட்டு மாதமாக விழுங்கியிருந்தேன். படித்த நான்கு பேர் பார்க்காததை அவள் பாயில் உட்கார்ந்து பார்த்தாள்.

அவள் வந்தது ஓர் ஆராய்ச்சிக்காக. வயதானவர்களுக்கு நோய் ஒன்றாக வருவதில்லை, நாலைந்து சேர்ந்து வருகிறது. அத்தனையையும் ஒரே டாக்டர் ஒரே நாளில் சேர்த்துப் பார்த்தால் உடம்பு தேறுகிறதா என்று ஒரு வருஷம் பார்க்கப் போகிறார்கள் என்றாள். புதன்கிழமைதோறும் நடக்கும். ஒரு வரிசை, ஒரு சீட்டு. வரிசையும் இல்லை, பெஞ்சில் உட்கார வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "தேறுதுன்னு தெரிஞ்சா புதன்கிழமைய நிரந்தரமா வச்சிருவாங்க. தெரியலன்னா எடுத்துருவாங்க. மொதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் ஜுலைகா ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது" என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை சோதிக்கப் போகிற எங்கள் ஆட்கள் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே வாயைக் கட்டிவிடுவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வா என்றுதான் டாக்டர் சொல்லியிருப்பார். இவர்கள் முந்தின நாள் சோற்றையும் விட்டுவிடுவார்கள். எண் ஏறியிருந்தால் திட்டு விழுமே, அதற்குத்தான். என் நாத்தனார் சரோஜா இதில் கெட்டிக்காரி, பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான் குடிப்பாள். புதன்கிழமைக்கும் அப்படியே போனோம். முதல் சோதனையிலிருந்தே எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் எண் நன்றாக இருந்தது. ஜுலைகாவுக்கு நல்ல பேர் வரும் என்று நினைத்தோம்.

குட்டு உடைந்தது எங்கள் தெருத் தங்கராசு அண்ணனால். ஏழு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் வியர்த்துக்கொட்டிச் சாய்ந்தார். ஜுலைகா ஓடி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கரைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் விட்டாள். கண் திறந்ததும் கேட்டாள்.

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டம்மா."

"ராத்திரி என்ன சாப்ட்டீங்க?"

அவர் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

"நேத்து மத்தியானம்?"

"டீ குடிச்சம்மா. சக்கர இல்லாம."

அவள் தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். "எல்லாருமா?" என்றாள். தங்கராசு அண்ணன்தான் படுத்தபடியே சொன்னார்: "ஒனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னுதாம்மா." அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுதுகொண்டே திட்டினாள். "எனக்கு நல்ல நம்பர் வேணாம். உங்க நம்பர் வேணும். வெறும் வயித்துல மாத்திரையப் போட்டு செத்து வச்சா, அந்தப் பேர எங்க கொண்டுபோய் கழுவுவேன்?"

அதற்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தட்டை முறத்தால் மூடினேன். உள்ளே வந்தவள், "என்னத்துக்கு மூடுறீங்க பெரிம்மா? வாசம் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வருது. எனக்கும் ரெண்டு உருண்டை குடுங்க" என்று கையை நீட்டினாள். தின்றாள். தின்று முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து என் விரலில் குத்தி எடுத்தாள். முந்நூற்றுப் பத்து. திட்டவில்லை. தேதி போட்டு, என்ன சாப்பிட்டேன் என்பதோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதினாள். அப்படி வீடு வீடாக எழுதினாள். மருந்தை அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்றினார். நான்கு மாதத்தில் எனக்குத் தலைசுற்றல் நின்றது. தங்கராசு அண்ணன் மறுபடி சைக்கிள் மிதித்தார். இது நடந்தது. கண்ணால் கண்ட நான் சொல்கிறேன்.

வருஷம் முடிந்ததும் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் காரில் வந்து எங்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசினார். "ஆரம்பத்துலயும் நார்மல், முடிவுலயும் நார்மல். புதன்கிழமை ஏற்பாட்டால வித்தியாசம் எதுவும் தெரியல" என்றார். நான் எழுந்தேன். "சார், ஆரம்பத்துல நீங்க எடுத்தது பட்டினி கெடந்த ரத்தம். சிஸ்டரு நோட்டுல நெசம் இருக்குது, அதப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். "பாட்டி, அது முறைப்படி எடுத்த கணக்கு இல்ல. நடுவுல புகுத்த முடியாது" என்றார். ஜுலைகா சுவரோரம் நின்றிருந்தாள். தப்பு நடந்திருக்கிறது என்று அவளே முன்னால் எழுதிக் கொடுத்து, அதற்குத் திட்டும் வாங்கியிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னவளுக்குத் திட்டு, பொய்யான எண்ணுக்கு மரியாதை. அவர் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

அடுத்த மாதமே புதன்கிழமை போயிற்று. அவளைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் போட்டார்கள். பெஞ்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய பீரோவை வைத்தார்கள். தங்கராசு அண்ணன் மறுபடியும் இரண்டு வரிசையில் நின்றார். பிறகு நிற்க முடியாமல் வராமலே இருந்தார். போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

நான் சரோஜாவோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. பட்டினியைப் பழக்கிவிட்டது அவள்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். பேச்சு நின்ற அன்று அவள், "தெருவுல வூடு வூடா போயி சொன்னது நீங்கதான அண்ணி" என்றாள். ஜுலைகா போன பிறகு எதற்கு மறைக்க வேண்டும்? சொன்னது நான்தான். "பாவம், பொண்ணு வெயில்ல அலையுது, அதுக்குப் பேரு கெடாம பாத்துக்கங்க" என்று ஒவ்வொரு படியாக ஏறிச் சொன்னேன். பச்சை மண்ணில் விழுந்த கீறலை மண் குழம்பு தடவி மறைத்தால் அது சூளையில் வெடிக்கும். இருபத்தாறு வருஷம் அதைப் பார்த்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. சரோஜாவோடு இன்னும் பேச மாட்டேன். அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

அடக்கத்துக்கு ஜனாஸா எடுப்பதற்குள் ஜுலைகா வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் மகள் பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மூணு நாளா வலி இருந்திருக்கு ஆயா. வாயுக் கோளாறுன்னு சொல்லிக்கிட்டே வேலைக்குப் போனாங்க. அம்மாவுக்கும் சர்க்கர, பிரஷர் ரெண்டும் உண்டு. சோதிக்கச் சொன்னா நேரமில்லம்பாங்க." எனக்கு ஜுலைகா மேலேயே கோபம் பொங்கிற்று. என் சோற்றுத் தட்டைத் திறந்து பார்த்தவளே, எங்களைப் பொய் சொல்லாதீர்கள் என்றவளே, உன் நெஞ்சு வலிக்கு வாயு என்று பேர் வைத்தாயே, உன் நம்பரை யாரடி எழுதினார்கள்? அவள் முகத்தைப் பார்த்து இதைக் கேட்டேன். பெண்கள் என்னைப் பிடித்து வெளியே உட்கார வைத்தார்கள்.

அவள் நோட்டு என்னிடம் இல்லை, எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருப்பது அவள் சொன்ன ஒரு சொல்தான், உங்க நம்பர் வேணும் என்பது. புதன்கிழமை நின்ற பிறகு நானும் பழையபடி பட்டினி கிடந்துதான் சோதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நேற்று சோதனை. முந்தின நாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் ராத்திரி இட்டிலியும் வயிறாரத் தின்றேன். காலையில் வெறும் வயிற்றோடு போய் விரலை நீட்டினேன். புதிதாக வந்திருக்கும் சின்ன நர்ஸ் மிஷினைப் பார்த்துப் பதறினாள். "என்ன ஆயா, போன தடவ நல்லா இருந்துச்சு, இப்ப இவ்ளோ ஏறியிருக்கு? டாக்டர் திட்டுவாரே."

"திட்டட்டும். போன தடவ எழுதினது பொய். இத எழுதிக்க" என்றேன்.

அவள் பேனாவை எடுத்து எழுதுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.