ஆய்வேட்டு அடுக்கில் ஒளித்த சொல்லடைவு

எங்கள் துறை நூலகம் என்பது மாடியில் ஒரு நீளமான அறை. ஆறு மர அலமாரி, இரண்டு மேசை, ஒன்று ஓடினால் ஒன்று நின்றுபோகும் இரண்டு மின்விசிறி. பழந்தமிழ் இலக்கியத் துறை என்று வெளியே பலகை மட்டும் பெரிதாக இருக்கும். உள்ளே பல நூல்களுக்கு ஒரே ஒரு பிரதிதான். தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் கோயிலை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பத்து மணிக்குக் கதவு திறந்ததும் நாற்காலி பிடிக்க ஓட வேண்டும்.

அந்த ஒற்றைப் பிரதிகளில் ஒன்று ஒரு சொல்லடைவு. பழைய பாட்டுகளில் எந்தச் சொல் எந்த அடியில் வருகிறது என்று வரிசையாகச் சொல்லும் தடித்த புத்தகம். வீட்டுக்குத் தரமாட்டார்கள். முதுகு பிய்ந்திருந்ததால் ஜெராக்ஸ் எடுக்கவும் விடமாட்டார்கள். உட்கார்ந்து கையால்தான் எழுத வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எழுதி நிறுத்திய பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து, மறுபடி என்றைக்கு வருவோம் என்று குறித்துவிட்டால் அன்றைக்குப் புத்தகம் அவருக்கு. இது எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் ஒருவரும் மீறியதில்லை, நான் மீறும்வரை.

நான் அப்போது விடுதியில் தங்கி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். என்னைவிட இளையவள் ஒருத்தி எம்.ஃபில். செய்தாள். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இருவரும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். அவள் மற்ற நாட்களில் டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் மட்டும் இரண்டு பஸ் மாறி வருவாள். பாட்டுகளில் வரும் நீர்ச்சொற்கள்தான் அவள் தலைப்பு. மடை என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் பேராசிரியர்கள் அரைமணி நேரம் மல்லுக்கட்டியபோது, "ஒரு தடவை வயல்ல எறங்கி வெட்டிப் பாருங்க சார், புரிஞ்சிடும்" என்று சொன்னவள். எனக்கு அவளைப் பிடிக்கும். அவளைவிட எனக்குக் குறைவாகத் தெரியும் என்பது மட்டும் பிடிக்காது.

அந்த மாதக் கடைசிக்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இன்னொன்று கிடையாது. கொடுத்துவிட்டால் உதவித்தொகையோடு மேலே படிக்கலாம். இல்லாவிட்டால் பதிவு ரத்து.

எனக்கும் ஒரு இயலை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க யார் யாரோ சீட்டு வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனத்தால் என் சீட்டு மட்டும் இல்லை. திங்கள்கிழமை மாலை, செவ்வாய்க்கு அவள் சீட்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டே புத்தகத்தை மூடினேன். பழைய ஆய்வேடுகள் இருக்கும் கடைசி அலமாரியில், பின்வரிசையில் செருகினேன். ஆய்வேட்டை எழுதியவரே திரும்பிப் பார்ப்பதில்லை, அதைவிடப் பத்திரமான இடம் துறையில் ஏது? தேடி அலுத்து எல்லோரும் போனபிறகு புதன்கிழமை நிதானமாக எடுத்து எழுதிக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

செவ்வாய்க்கிழமை மழையில் பாதி நனைந்து வந்தாள். "அக்கா, சொல்லடைவக் காணோம்."

"நல்லாப் பாத்தியா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நானும் எழுந்து அவளோடு தேடினேன். இருவரும் மண்டியிட்டு அடித்தட்டுத் தூசியையெல்லாம் துழாவினோம். கடைசி அலமாரியை அவள் நெருங்கியபோது, "அங்க வெறும் தீசிஸ்தான், அங்க எதுக்கு இருக்கப்போவுது" என்று சொன்னதும் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது மட்டுமல்லாமல், பூசணிக்காய் எங்கே என்று கூடவே கேட்டவள் நான்.

நாலு மணிக்கு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "பாவம், உங்க நாளும் வீணாப்போச்சு. வாங்க, ஒரு டீ குடிக்கலாம்" என்றாள். குடித்தேன். அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் நான் போனபோது கடைசி அலமாரி காலி. மழையில் கூரை ஒழுகியதால் ஆய்வேடுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கீழே ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மூட்டையைப் பிரிக்கச் சொல்லியிருக்கலாம். அது அங்கே இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. வெட்கமும் பயமுமாக ஸ்டோர் ரூம் பக்கமே போகாமல் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அவள் வியாழன் வந்தாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். சொற்பட்டியல் அரைகுறையாக இருக்கும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட அவள் நெறியாளர் மறுத்துவிட்டார். மாதம் முடிந்தது. அதற்குப்பின் அவள் வரவில்லை.

அந்தப் புத்தகம் எனக்கும் உதவவில்லை. வைக்கோற்போர் நாய் கதைதான். ஆனால் இயலை மாற்றிக்கொள்ள எனக்கு அவகாசம் இருந்தது. பட்டம் வாங்கினேன். இப்போது அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். என் ஆய்வேடு அடுக்கில் இருக்கிறது. அவளுடையது இல்லை.

போன மாதம் புது இரும்பு அலமாரிகளும் ஒரு ஸ்கேனரும் வந்தன. மாணவிகள் மூட்டைகளைப் பிரித்தார்கள். "மேம், இது தீசிஸ் இல்ல, நடுவுல இருந்துச்சு" என்று ஒருத்தி நீட்டினாள். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. உள்ளே அவள் சீட்டு அப்படியே இருந்தது. "செவ்வாய் வருவேன். இன்னும் ஒன்பது பக்கம்தான்."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் அவள் நம்பரை விசாரித்து வாங்கினேன்.

இப்போது அந்த டியூஷன் சென்டரை அவளே நடத்துகிறாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. ஒளித்தது, மூட்டை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை முடித்து எட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஏன் ஒளித்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை.

"அன்னிக்கு நீங்களும் என்கூடத் தேடினீங்களேக்கா" என்றாள்.