நாற்காலியில் இருப்பவர் சொல்வதே சரி

என் அக்காள் கணவர் முடிதிருத்துபவர். கடையில் இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலி அத்தானுடையது, உள்ளே இருப்பது என்னுடையது. கல்யாணம் முடிந்த கையோடு அக்காள் என்னையும் இங்கே சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து அத்தானின் பேச்சைக் கேட்டபடிதான் தொழில் செய்கிறேன். அவரைப் பற்றி இப்படி எழுதுவது பிடிக்குமா என்று அவரிடம் கேட்டால், பிடிக்கும் என்பார். பிடிக்காதுதானே என்று கேட்டால், அதற்கும் ஆமாம் என்பார்.

கத்திக்கும் கழுத்துக்கும் நடுவே வாக்குவாதம் கூடாது என்பது அவர் கொள்கை. நாற்காலியில் இருப்பவர் மழை வரும் என்றால் வரும். அவர் எழுந்து போய் அடுத்தவர் உட்கார்ந்து, வராது என்றால் வராது. ஒரே காலையில் ஒரே கட்சியை ஜெயிக்கவும் வைப்பார், டெபாசிட் இழக்கவும் வைப்பார். நான் இதை ஆமாம்சாமி போடுவது என்பேன். அவர் இதைத் தொழில் என்பார். கூட்டமும் அவர் பக்கம்தான். நான் எதிர்த்துப் பேசுகிறவன், அதனால் என்னிடம் அவசரக்காரர்கள் மட்டும் வருவார்கள்.

அவருக்கு ஒரே மகள். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதை இப்படிக் கட்டியிருக்க வேண்டாமே என்று சொல்கிற ரகம். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி கடைக் கண்ணாடிகளை இடம் மாற்றச் சொன்னவளும் அவள்தான். அதற்குப் பிறகு நாங்கள் பகலில் விளக்குப் போடுவதில்லை. கட்டடக் கலை படிக்க விண்ணப்பித்தாள். உள்ளூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த மாநிலத்தில் பேர்போன ஒரு கல்லூரியிலும் கிடைத்தது. அங்கே அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு. விடுதிச் செலவு தனி. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவ்வளவு கொட்டிக் கொடுக்க அது தகுமா? இந்தக் கேள்வியை அத்தான் வீட்டில் பேசவில்லை. தலையைக் கொடுத்தவர்களிடமெல்லாம் கேட்டார். வங்கி மேலாளர், கடன் வாங்கியாவது அனுப்பு என்றார். படிப்புக்குக் கணக்குப் பார்க்கக் கூடாதுதான் என்று அத்தானும் ஒத்து ஊதினார். மேலாளர் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் பர்னிச்சர் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். எங்கே படித்தாலும் அதே செங்கல், அதே சிமெண்டுதானே என்றார். அதைத்தான் சார் நானும் மண்டையில் அடித்துக்கொள்கிறேன் என்றார் அத்தான்.

ஒரு வாரத்தில் தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. மருந்துக்கடையில் என்னை நிறுத்தி, என்ன முடிவாயிற்று என்று விசாரித்தார்கள். அக்காள் கேட்டால் மட்டும், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பார். எரிச்சல் தாங்காமல் நானும் கேட்டேன். நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். போகட்டும் என்றேன். அதேதான் என் எண்ணமும் என்றார். நான் அவருடைய நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். பர்னிச்சர் கடைக்காரர் சவரத்துக்கு வந்திருந்தார். முகம் முழுக்க நுரையோடு பழைய பேச்சை எடுத்தார்.

"அவ்வளவு செலவு பண்ண அந்தப் பொண்ணு என்ன பெரிய மேதையா? சுமாரான பொண்ணுதானே?"

அத்தான் கத்தியைத் துணியில் துடைத்தார். "சுமார்தான் சார். பெத்தவனுக்குத் தெரியாதா?"

அவள் இடம் மாற்றி வைத்த கண்ணாடியில் வாசல் நன்றாகத் தெரியும். அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள். அப்பா வீட்டில் மறந்துவிட்டு வந்த கைப்பேசியைக் கொடுக்க வந்திருக்கிறாள். உள்ளே வந்து அதைச் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். இதுதான் பொண்ணா என்று கடைக்காரர் கேட்டார். அத்தான் பதில் சொல்லவில்லை. நான் அறிந்து, நாற்காலியில் இருந்தவருக்கு அவர் பதில் சொல்லாதது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு அவர் கூனிக் குறுகிப் போனார். அவள் எழுவதற்கு முன் கடைக்கு வந்தார். சாப்பிடும்போது தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெருவில் அவர் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வருகிறவர்கள் வழக்கம் போலச் சிரித்தார்கள். சொந்த வீட்டில்தான் அவரால் தலை நிமிர முடியவில்லை.

மாதக் கடைசி நாள், மதியம். கடையில் யாரும் இல்லை. அவள் வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நுனி மட்டும் வெட்டச் சொன்னாள். அத்தான் துணியைப் போர்த்தி, முடியை ஈரமாக்கி, கத்தரியை எடுத்தார்.

"அந்தக் காலேஜ் விஷயம் என்னப்பா பண்றது?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ சொல்றதுதாம்மா சரி."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேப்பா."

வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அத்தான் கத்தரியைக் கீழே வைத்தார்.

"என்னால முடியாதும்மா. அதை உங்கிட்டச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. எனக்குப் பதிலா வேற யாராவது வேண்டாம்னு சொல்லிட மாட்டாங்களான்னுதான் ஊரையே கேட்டேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள் அவள். "இப்போ நான் சுமாருங்கிறதாலதான் போகலன்னு எல்லாரும் பேசுவாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் அத்தானுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் மறுபடி கத்தரியை எடுத்து நுனியைச் சீராக வெட்டி முடித்தார். அன்று மாலை அவள் உள்ளூர்க் கல்லூரியில் சேர்வதாகப் பதில் அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை பர்னிச்சர் கடைக்காரர் சவரத்துக்கு வந்தார். என்னிடம் ஒருவர், காத்திருக்கும் பெஞ்சில் மூவர். செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"கடைசியில நான் சொன்னதைத்தானே கேட்டீங்க?" என்றார் பெருமையாக.

ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை. அத்தான் கத்தியை விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல சார். நீங்க சொன்னது தப்பு. எம் பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணு. அனுப்ப எனக்குத்தான் வக்கில்ல. சுமாரு நான்தான்."

பர்னிச்சர் கடைக்காரர் அசையாமல் கழுத்தை நீட்டியபடி இருந்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு மறு கன்னத்தையும் மழிக்கத் தொடங்கினார்.