மஞ்சள் துணி கட்டிய குச்சிகள்

செக்கர் என்று சொன்னால் அந்தப் பகுதியில் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். முப்பத்திரண்டு வருடம் பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டதே தவிர, வேலையின் புத்தி விடவில்லை. மனைவி காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டுவிட்டால், "என்ன, இன்னிக்கு கவனிப்பு பலமா இருக்கு?" என்று கேட்பார். சம்பந்தி வீட்டிலிருந்து யாராவது சும்மா நலம் விசாரித்து போன் செய்தால், பேசி வைத்தபின் அரை மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "இவர் தன் நிழலையே ரெண்டு தடவை திரும்பிப் பாக்கிற ஆளு" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு காசு லஞ்சம் வாங்கியதில்லை. ஆனால் உலகத்தில் ஒருவன் ஒரு காரியத்தைக் காரணமில்லாமல் செய்வான் என்பதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ளவே முடியாது. அவருடைய தங்கையோ நான்கு வருடமாக அப்படி ஒரு காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அப்பா விட்டுப்போனது ஆறு ஏக்கர், இருவர் பேரிலும் கூட்டாக. உழுது உழுது மண் சலித்துப்போன நிலம். குத்தகைக்காரரும் கைவிட்ட பிறகு முள்புதர் மண்டிக் கிடந்தது. மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கும் தங்கை ஒருநாள், "அதை நான் பாத்துக்கறேண்ணா" என்றாள். செக்கர் தலையாட்டிவிட்டார். அன்றைக்கே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு நொந்துகொண்டார்.

அவள் ஆள் வைத்து முள்புதரை வேரோடு எடுத்தாள். உழவில்லை, உரமில்லை. ஏதோ விதையை வாரி இறைத்தாள். இரண்டு மழைக்குப் பிறகு எழும்பியது என்ன என்று பார்த்தால், புல்! இடுப்புயரத்துக்கு, காய்ந்ததும் காயாததுமாக, ஒழுங்கில்லாத புல்.

"இந்த மண்ணுல முன்னாடி இருந்த புல்லுண்ணா. உழவு வந்ததும் போயிடுச்சு. இது திரும்பி வந்தா பூச்சி வரும். பூச்சி வந்தா பறவை வரும்."

"பறவை வந்தா?"

"வந்தா அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' செக்கரின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் முதுகு ஒடிய வேலை செய்கிறவள் 'அவ்வளவுதான்' என்றால், சொல்லாதது ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனபோது மேசை மேல் மருந்துக்கடைக் காகித உறைகள் ஒரு கட்டு கிடந்தன. அவள் அடுப்படியில் இருந்த சமயம் பார்த்துப் புரட்டினார். மாத்திரை எழுதும் இடத்தில் 'ரயில்பாதை மேடு' என்று ஒன்றில், 'கல்லறை, வடக்கு வேலி' என்று இன்னொன்றில். உள்ளே உமி மாதிரி ஏதோ. யாரும் உழாத இடத்தில்தான் பழைய புல் மிச்சமிருக்கிறது, அங்கே விதை எடுத்தேன் என்று அவள் பிறகு சொன்னாள். கல்லறைக்குப் போய்ப் புல் விதை பொறுக்கினாளாம்! நம்புகிற மாதிரியா இருக்கிறது? "ஒருதரம் கூட வாண்ணா, எல்லாம் காட்டறேன்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். நைசாகப் பேசி, நிலத்தை விற்கக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாள் என்று அவர் போகவில்லை.

பக்கத்து மேட்டில் ஆடு மேய்க்கிறவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது ஒரு தகவல் சொன்னார். ஆட்டுக்காரருக்கே அப்போது தங்கை மேல் கொஞ்சம் மனத்தாங்கல். கோடையில் மேய்க்க விடுகிறவள், இந்த மூன்று மாதம் மட்டும் ஆடு நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"போன வாரம் கார்ல ரெண்டு பேர் வந்தாங்க. தூரப்பார்வைக் கண்ணாடி, நோட்டு எல்லாம் வச்சுக்கிட்டு, எதையோ எண்ணி எண்ணி எழுதிட்டுப் போனாங்க."

எண்ணி எழுதினார்களா? நிலத்தில் எண்ணுவதற்கு மனையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கைக்குக் கடையில் வேலை என்று தெரிந்துகொண்டு, மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மேற்குப் பாதிக்குள் கால் வைத்த உடனே கண்ணில் பட்டது குச்சி. முழங்கால் உயரம், நுனியில் மஞ்சள் துணி. சற்றுத் தள்ளி இன்னொன்று. மொத்தம் ஏழு.

மனை பிரிக்கிற குச்சி! மண்டியிட்டுக் குச்சியைச் சுற்றிப் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் எவன் குச்சி நடுவான்? நேர்கோட்டிலும் இல்லை. வேண்டுமென்றே கோணல்மாணலாக நட்டிருக்கிறாள், அண்ணன் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று! ஏழையும் பிடுங்கிக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினார். போகும்போது ஒரு பழுப்புக் குருவி இறக்கையை இழுத்துக்கொண்டு அவர் காலடியில் தத்தித் தத்தி ஓடியது. பாவம், அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டில் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, உடனே நிலத்துக்கு வா." குரல் உடைந்திருந்தது.

மாட்டிக்கொண்டாள் என்றுதான் அவர் நினைத்தார். குச்சிகளை அவள் முன்னால் பரப்பி வைத்து, "இது என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

புல்வெட்டும் டிராக்டர் ஓரமாக நின்றது. மேற்குப் பாதி மொட்டையாகக் கிடந்தது. தங்கை நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் உடைந்த முட்டை ஓடுகள் இரண்டு. மஞ்சள் கரு விரல் இடுக்கில் வழிந்து காய்ந்திருந்தது.

டிராக்டர்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்தார். "சார், என் மேல தப்பில்ல. குச்சி இருந்தா அதுக்குத் தெக்கால இருபதடி விட்டுடுங்க, மத்த இடத்துல தாராளமா வெட்டுங்கன்னு சொன்னாங்க. ஒரு குச்சியும் இல்லையே சார்!"

"என்னம்மா குச்சி?" என்றார் செக்கர்.

"கூட்டுக்கு அடையாளம்ணா. வானம்பாடி தரையிலதான் கூடு கட்டும். யாராவது கிட்டப் போனா அடிபட்ட மாதிரி நடிச்சு இறக்கையை இழுத்துட்டு ஓடும். கூடு பக்கத்துலயே குச்சி வச்சா காக்கா அந்த அடையாளத்தைத் தெரிஞ்சுக்கும், நேரா வந்து முட்டையைத் தின்னுடும். அதனால பத்தடி தள்ளி நடுவேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்தப் பாதியில மண்டின களையை விதை விழறதுக்குள்ள வெட்டலேன்னா புல் எல்லாம் போயிடும். அதான் பாதி மட்டும் வெட்டச் சொன்னேன். போன வருஷம் ஒரு கூடு. இந்த வருஷம் ஏழுண்ணா. எண்ணிப் பாக்க ரெண்டு பேர் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாங்க."

செக்கர் வெட்டிக் கிடந்த புல்லைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"ஆட்டுக்காரர்தான் பிடுங்கியிருக்கணும்" என்றாள் அவள். "ஆடு விடலைன்னு அவருக்குக் கோபம். இனிமே கோடையிலும் அவரை உள்ள விடப்போறதில்ல. இந்த டிராக்டர்காரர், கார்ல வந்தவங்க, காலைலேர்ந்து எல்லார் மேலயும் சந்தேகப்பட்டு முடிச்சிட்டேன். உன் ஒருத்தன் மேலதான் வரல. அதான் கூப்பிட்டேன். நீ ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரி. நீ கேட்டா உண்மை வந்துடும்."

பின்பெட்டி பூட்டித்தான் இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆட்டுக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் எடுபடாது. அப்படி ஒரு அரை நிமிஷம் நின்றார் என்பதை நினைத்துப் பின்னாளில் அவர் வெட்கப்பட்டார். கூடுகளுக்காகப் பட்டதைவிட அதற்காகத்தான் அதிகம் பட்டார்.

காரைத் திறந்து குச்சிகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"நான்தாம்மா. நீ மனை போட்டு விக்கிறேன்னு நினைச்சேன்."

டிராக்டர்காரர் மெல்ல நகர்ந்து வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தங்கை குச்சிகளைப் பார்த்தாள். அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கையில் இருந்த ஓடுகளைத் தரையில் வைத்து, அவற்றின் மேல் கொஞ்சம் புல்லை இழுத்துப் போட்டாள்.

"கேட்டிருக்கலாமேண்ணா" என்றாள். "ஒரு வார்த்தை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிழக்குப் பாதியைக் காட்டினார். அங்கே புல் வெட்டப்படாமல் காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே உயரத்தில் எதுவோ ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அதுங்க திரும்ப முட்டை போடுமா?"

"போடும். இன்னும் நாள் இருக்கு. அந்தப் பக்கம் போய்க் கட்டும்." அவள் குச்சிகளை எண்ணி எடுத்து இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வந்து பாத்துக்கறேம்மா. எங்க கட்டுதுன்னு மட்டும் காட்டு."

தங்கை அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"காட்ட மாட்டேண்ணா" என்றாள்.