சிடி அக்காவும் பெரிய எழுத்து மென்பொருளும்

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் பிரதி எடுக்கும் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்து நடந்தால் தலை இடிக்கும். பதினான்கு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவரின் தலை ஒருநாளும் இடித்ததில்லை. சுற்றிப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள்தான் ‘ணங்’கென்று இடித்துக்கொண்டு நெற்றியைத் தேய்ப்பார்கள். அவரை மாணவர்கள் சிடி அக்கா என்று கூப்பிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு கண்ணையும் கொண்டுபோனது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் காதால்தான்.

பாடப் புத்தகங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்த சிடி அவரிடம் வரும். அதைப் பிரதி எடுத்து, உறைமேல் பிரெயில் சீட்டு ஒட்டி, தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய விடுதிகளில் இன்னும் சிடி பிளேயர்தான். ஒரு நாளைக்கு நாற்பது சிடி அவர் கணக்கு. ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது தட்டு சுற்றுகிற சத்தத்தில். கீறல் விழுந்த தட்டை அந்தச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் வாயாடி. வாயாடி சொல்லச் சொல்ல இவர் விரல் ஓடும். யாருடைய தயவும் வேண்டியதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, புதுக் கணினி வருகிற வரைக்கும். பழைய பிரதி மென்பொருள் அதில் ஓடவில்லை. வேறொன்று தேர்ந்தெடுக்க வேண்டும். சிடி அக்கா சும்மா உட்காரவில்லை. ஒரு வாரம் ஆறேழு மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். ஒன்று திறந்த உடனே பாட்டுப் போட்டு வாயாடியின் குரலையே அமுக்கியது. இன்னொன்று நிமிஷத்துக்கு ஒரு விளம்பர ஜன்னலைத் திறந்து, அதை மூடுவதற்குள் உயிரை வாங்கியது. கடைசியில் ஒரு குட்டி மென்பொருள் அகப்பட்டது. எந்த டிரைவ், எத்தனை பிரதி, ஆரம்பி. இவ்வளவுதான். ஒவ்வொரு பொத்தானையும் வாயாடி பெயர் சொல்லிப் படித்தது. வேலை முடிந்ததும் தட்டைத் தானே வெளியே தள்ளியது. இதுதான் வேண்டும், இன்ன காரணம் என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தார்.

அதை ஒருவரும் படிக்கவில்லை. மென்பொருள் தேர்வுக் குழு என்று ஒன்று போட்டார்கள். ஐந்து பேர். ஐந்து பேருக்கும் கண் தெரியும். பெண்ணைக் கேட்காமலே கல்யாணம் பேசி முடித்த மாதிரி, அவர்களே கூடி, அவர்களே டீ குடித்து, அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ‘பார்வையற்றோருக்கு மிகவும் ஏற்றது’ என்று குறிப்பும் எழுதிவிட்டார்கள். இதைத்தான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பது. அறவே பார்வையில்லாதவருக்கு எழுத்து உள்ளங்கை அகலம் இருந்தால் என்ன, ஊர் அகலம் இருந்தால்தான் என்ன?

முதல் நாள் அதைத் திறந்து, பொத்தானுக்குப் பொத்தான் தாவுகிற டேப் விசையைத் தட்டினார். வாயாடி சொன்னது: “பட்டன்.” மறுபடி தட்டினார். “பட்டன்.” இன்னொரு தடவை. “பட்டன்.” பதினோரு பொத்தான், பதினொன்றுக்கும் பெயர் இல்லை. எது பிரதி எடுக்கும், எது நிறுத்தும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு நாலு சிடி வீணாகி, ஒன்றுகூடத் தேறவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு இருபது நாளில்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் குரலில் தேன் ஒழுகியது.

“பழகப் பழக வந்துரும்மா. ரொம்ப கஷ்டமா இருந்தா பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சுக்கலாம்.”

அந்த ஆள் எதற்கு என்பதை அன்று மதியம் கிளார்க் மெதுவாகச் சொன்னார். “அக்கா, உங்ககிட்ட சொன்னேன்னு சொல்லிராதீங்க. பிரதி வேலைய வேற ஆளுக்குக் குடுக்கறாங்க. உங்கள வாசல்ல உக்கார வைக்கப் போறாங்களாம். வர்றவங்களுக்கு வணக்கம் சொல்ற வேலை.”

பதினான்கு வருஷம் சிடி அக்கா ஒற்றை ஆளாக இழுத்த வண்டி. ஒரு கண்ணாடிப் பெட்டி பொம்மை மாதிரி வாசலில் வைத்துவிட்டால் நிறுவனத்துக்கும் அழகுதான். இயக்க முடியாத மென்பொருளைக் கொடுத்துவிட்டு, ‘இவரால் இயக்க முடியவில்லை’ என்று இவர் தலையிலேயே பழியைப் போடுகிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

வீட்டில் கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். பயந்த சுபாவம். பணி நீட்டிப்பு வருஷா வருஷம் அந்த அதிகாரி கையில்தான் என்பது அவருக்கும் தெரியும்.

“ஊதுற சங்க ஊதியாச்சு, விடேன். வாசல்ல உக்காந்தா என்ன, சம்பளம் வராமயா போகுது?”

“நாளைக்கு உங்க மெஷின எடுத்துக்கிட்டு, கடை வாசல்ல நின்னு சிரிங்கன்னு சொன்னா சிரிப்பீங்களா?”

தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மூன்றாம் நாள் குழுவே மாடிப்படிக்குக் கீழே இறங்கி வந்தது. இரண்டு பேர் தலையை இடித்துக்கொண்டார்கள். அதிகாரி கையில் ஒரு தாள். வாசித்துக் காட்டச் சொன்னார் சிடி அக்கா. ‘பார்வையற்ற பணியாளர் இம்மென்பொருளைத் தாமே இயக்கிச் சோதித்தார். பிறர் உதவியின்றிப் பயன்படுத்தத்தக்கது.’ கீழே இவர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் தாள் மேலிடத்துக்குப் போகாது.

“சும்மா ஒரு சம்பிரதாயம்தாம்மா.”

“சோதிச்சுட்டே போடறேன் சார்.” ஹெட்போனைக் கழற்றி, வாயாடியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் விட்டார். பட்டன், பட்டன், பட்டன் என்று அறை முழுக்க ஒலித்தது. “இதுல எது சார் காப்பி?”

“அந்தப் பச்சை பட்டன்மா. இதோ, இங்க.”

“பச்சை எந்தப் பக்கம் சார்?”

சிடி அக்கா தன் குட்டி மென்பொருளைத் திறந்து, நாலே விசையில் ஒரு பாடத்தைப் பிரதிக்குப் போட்டார். ஆறு நிமிஷத்தில் தட்டு வெளியே வந்தது. குழுவில் இருந்த அம்மையார் அதை வாங்கிப் பார்த்தார்.

“வேலை செய்யுது, சரி. ஆனா திரையில பாக்க ஒண்ணுமே இல்லையே. வர்றவங்களுக்கு எதக் காட்டறது?”

கேட்டீர்களா நியாயத்தை? பார்வையில்லாதவர் வேலை செய்கிற கருவி, பார்க்க வருகிறவர்களுக்கு அழகாக இருக்க வேண்டுமாம். சிடி அக்காவின் குரல் உயரவில்லை.

“தாளக் குடுங்க, போட்டுர்றேன்.”

கூட வந்திருந்த கிளார்க் வழக்கப்படி மைப்பெட்டியைத் திறந்தார். பெருவிரலைப் பிடிக்கக் கையையும் நீட்டினார்.

“பேனா குடுங்க. பத்தாவது வரைக்கும் பேனாவுலதான் எழுதினேன்.”

பின்னால் பணி நீட்டிப்பை மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் அந்தக் குட்டி மென்பொருளையோ சிடி அக்காவையோ அந்த அறையை விட்டு அசைக்க அவர்களால் முடியவில்லை. அன்று அவர் எழுதியதுதான் காரணம். கிளார்க் வரி கோணாமல் இருக்க ஒரு ஸ்கேலை வைத்துப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் பேனா ஓடியது. எழுதி முடித்துத் தாளை நீட்டினார்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா எழுதியிருக்கீங்க?”

“உங்களுக்குக் கண்ணு இருக்கே மேடம். படிங்க.”

அம்மையார் வாய்விட்டே படித்தார். “‘நானே இயக்கிப் பார்த்தேன். கண் உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படும்.’”

“இப்படி எழுதினா இத எப்படிம்மா மேல அனுப்பறது?” என்றார் அதிகாரி.

“அனுப்ப வேணாம் சார். பிள்ளைங்களுக்கு சிடி அனுப்பணும். கொஞ்சம் வழி விடுங்க.”